பெட்டிக்குக் கை தெரியாது

இல்லீங்க லோகு அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்ல. "முடியாது"ன்னுதான் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன்"னு நான் சொன்னதா ஊரு பூரா சொல்லிட்டுத் திரியறீங்களே, அது உங்க வாயில மொளச்சது, என்ற வாயில இருந்து வந்ததில்ல. நன்றி கெட்டவளா? சரி, கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். இந்த மைக்ரா காரைத் தேடிப் புடிச்சுக் கொடுத்தது நீங்கதான், ஆமா. பானெட்டைத் தொறந்து எஞ்சின்கிட்ட காதை வெச்சுக் கேட்டது நீங்கதான், ஆமா. வித்த ஆளுகிட்ட வாதாடி வெலையக் கொறச்சது நீங்கதான், ஆமா ஆமா ஆமா. அதுக்காக நீங்க இடிச்ச இடியை நான் இடிச்சேன்னு சொல்லோணுமா? எந்த ஊரு நாயம்ணா இது? டிங். டிங். டிங். ஏ, சும்மா இரு, பெல்ட்டுதான் போட்டிருக்குதே. ரசத்துக்குப் பெல்ட்டுப் போட்ட மொத ஆளு இங்கிலாந்துலயே நானாத்தான் இருப்பேன். பக்கத்து சீட்ல கனம் இருக்குதாம், ஆளுன்னு நெனைச்சுக்கிச்சு வண்டி. ஆளு இல்ல சாமி, அண்டா. அறுவது பேருக்கு ரசம். தமிழ் மன்றத்துல சித்திரை விழாவுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் பிரிச்சு விட்டப்ப எனக்கு ரசத்தை எழுதிட்டு, கண்ணு உனக்கு ஈசியாக் கொடுத்திருக்கேன்னீங்க. மூடிய துப்பட்டாவால இறுக்கிக் கட்டியும் திரும்பற எடத்துலயெல்லாம் களக் களக்குன்னு அடியில இருந்து பேசுது. வண்டி பூரா பெருங்காயம். கண்ணாடியத் தொறந்தா குளிரு, மூடினா மொளகு. இதோட நான் வந்து மேடைக்குக் கீழ நின்னு எல்லாருக்கும் ஊத்தோணும், நீங்க மேல நின்னு "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு மைக்கில பேசுவீங்க. ஒரே குடும்பம். வண்டின்னா குடும்பத்து வண்டி. வாழையிலை ஏத்தலாம், மிருதங்கம் ஏத்தலாம், ஊர்ல இருந்து வந்த மாமியாரை ஏத்தலாம். வழக்குன்னு வந்தா மட்டும் அது கோகிலவாணி வண்டி. நாளைக்குத் திங்கக்கெழமை. மத்தியானத்துக்குள்ள இன்சூரன்ஸ்ல இருந்து எனக்கு போன் வரும். அவங்க கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான், அன்னிக்கு ஸ்டியரிங்ல யாரு இருந்தா? நான்னு சொல்லோணும். அதானுங்களே உங்களுக்கு வேணும்? ஒரே ஒரு வார்த்தை. சும்மா பேருக்கு.

பேருக்குன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. சரி, ரிங் ரோடு வந்துருச்சு, இனி வாய மூடிட்டு ஓட்டோணும். கவென்ட்ரிக்காரங்களே பயப்படற ரோடு இது. உள்ள வர்றவனும் வெளிய போறவனும் ஒரே துண்டு எடத்துல குறுக்கும் நெடுக்குமா மாறோணும், நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசல் மாதிரி, ஆனா ஹாரன் அடிக்கக் கூடாது. ஹாரன் இல்லாம எப்படிடா ஒருத்தன்கிட்ட நான் இருக்கேன்னு சொல்றது? கண்ணாடியப் பாத்து, தோளுக்கு மேல திரும்பிப் பாத்து. எடதுபக்கக் கண்ணாடி பாதிதான் தெரியுது, மேல் பாதில கறுப்பு டேப்பு ஒட்டியிருக்குது. அன்னிக்கு ஒடஞ்சது. நீங்க ஒடச்சது. வர்றவன் எல்லாம் இடுப்புக்குக் கீழதான் எனக்குத் தெரியறான். தள்ளுடா லாரி, நான் எடதுபக்கம் போகோணும், என்ற எக்ஸிட்டு வருது, தள்ளு, தள்ளுன்னா... போச்சு. போயிருச்சு. தாண்டியாச்சு. சரி ஒண்ணும் முழுகிப் போகல, வட்டம்தானே, ஒரு சுத்துச் சுத்தி வந்தா மறுபடியும் அதே எடம் வரும். வரட்டும். ரசம் ஆறட்டும். சைக்கிள்ல போனவங்க பேரு ஷீலா. மொத தடவ பேரைக் கேட்டப்ப நம்ம ஊர்ப் பொம்பளைன்னே நெனைச்சேன், பள்ளிபாளையத்துல எனக்கு ஒரு ஷீலா டீச்சர் இருந்தாங்க. இவங்க வெள்ளைக்காரம்மா, அறுவது வயசுக்கு மேல. விழா ஒத்திகை அன்னிக்கு மன்றத்து ஹாலுக்குப் பக்கத்து ரவுண்டானால எடதுபக்கமா ஒதுங்கிப் போயிட்டு இருந்தவங்களப் பின்னாடி இருந்து தட்டினது என்ற வண்டி. தோள்பட்டைல காறை எலும்பு ஒடஞ்சு போச்சு. நீங்க எறங்கவே இல்ல. எறங்கினது பிரேமாக்கா. தாலி கட்டின பொண்டாட்டிய அங்க ரோட்டுல விட்டுட்டு, வண்டிய ஓரங்கட்டறேன்னு அடுத்த தெருவு வரைக்கும் போயி ஓரங்கட்டினீங்க. அக்கா சேலையோட ரோட்டுல உக்காந்து அந்தம்மா கையப் புடிச்சுட்டு இருந்திருக்காங்க. "போயிராத, போயிராதன்னு அந்தம்மா சொல்லிட்டே இருந்தாங்க, வாணி, கை ஐஸ் மாதிரி"ன்னு அக்கா சொன்னாங்க. ஆம்புலன்ஸ்காரங்க வந்து தூக்கறப்ப அவங்ககிட்ட அக்கா எழுதிக் கொடுத்தது வண்டி நெம்பரும் என்ற பேரும். பேரை எழுதச் சொல்லி போன்ல சொன்னது நீங்க. அக்காவே அழுதுட்டு என்கிட்ட சொல்லிட்டாங்க. அப்பறம் உங்களுக்கு ரோசனை வந்துச்சு பாருங்க. அந்தம்மா பாத்தது ஒரு பொம்பளைய. கறுத்த பொம்பளை, நீள முடி, அது நீதான்னு சொன்னாலும் நம்பிருவாங்க. வெள்ளைக்காரிக்கு நாம எல்லாம் ஒரே மூஞ்சிதான் கண்ணு. சொன்னீங்களா இல்லையா? சிரிச்சுட்டே சொன்னீங்க. அடேயப்பா. போன பொங்கலுக்கு அதே மேடைல, டாக்சில ஏர்ற ஒவ்வொருத்தனும் என்னைப் பாகிஸ்தானாங்கறான், பங்களாதேஷாங்கறான், பதினாலு வருசமா எவனுக்கும் என்ற மூஞ்சி தெரியலன்னு பேசினவரு யாரு? நான் கை தட்டினேன். கண்ணுல தண்ணியோட தட்டினேன். இப்ப அதே ஒரே மூஞ்சிய எடுத்து என்ற கழுத்து மேல வெச்சா சரியாப் போச்சா? பிரேமாக்காளுக்கு மூக்குத்தி இருக்குது, எனக்கு இல்ல. அக்கா என்னவிட ஒரு சாண் ஒசரம். அந்தம்மா கையப் புடிச்சிருந்தவங்க, மொகத்தை மறந்தாலும் அந்தக் கையை மறப்பாங்களா? என்ற கையப் பாருங்க, வயசானவங்க இருக்கற கேர் ஹோம்ல பாத்திரம் கழுவிக் கழுவி சொரசொரன்னு. அக்கா கை மாவு பெசையற கை. ஒரே மூஞ்சியா இருந்தாலும் ஒரே கை இல்லீங்ணா.

டிங். இருடீ. இந்த வண்டி எனக்கு ஆடம்பரமா? மன்றத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தீங்களே, சில பேருக்குக் கார் வந்ததும் கண்ணு தலைக்கு மேல போயிருதுன்னு. ஞாயித்துக்கெழமை வெடியால ஆறு மணிக்கு கேர் ஹோம்ல இருக்கோணும், அந்நேரத்துக்கு பஸ்சு கெடையாது, அதுக்குத்தான் வாங்கினேன். நம்ம ஊரு லைசன்ஸ்ல ஒரு வருசம் ஓட்டலாம்னாங்க, ஓட்டினேன், அப்பறம் இவங்க டெஸ்ட்டுக்குப் போயி ரண்டு தடவ பெயிலாகி மூணாவதுல பாஸ் பண்ணினேன். மொத தடவ பெயிலாக்கினதுக்குக் காரணம் என்னன்னு தெரியுமா, ரொம்பத் தயங்கறேனாம். தயங்காம ஓட்டினா எங்கூர்ல செத்துருவோம் மேடம்னு சொல்லிட்டு வந்தேன். இன்சூரன்ஸ் கேட்டா, ஊர்ல எங்க ஊட்டு ஆம்னிய நான் நாலு வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினது எதுவும் கணக்கில்லையாம், நேத்துப் பொறந்தவ மாதிரி ஆரம்பிக்கோணுமாம். காரு வெலையவிட இன்சூரன்ஸ் பணம் எச்சு. கொறையோணும்னா கறுப்புப் பெட்டி வெச்சுக்கோன்னாங்க. இதோ, ஸ்டியரிங்குக்கு அடியில, சோப்பு டப்பா அளவுக்கு. எவ்வளவு வேகம், எங்க திரும்பினேன், எப்படி பிரேக் புடிச்சேன், எல்லாம் எழுதிக்குது. மாமியார் மாதிரி, பேசாது, ஆனா எழுதிக்கும். வண்டி வந்த அன்னிக்கு நீங்களும் அக்காளும் எலுமிச்சம்பழம் கொண்டாந்தீங்க. நாலு டயருக்கும் அடியில வெச்சு ஏத்துன்னீங்க. ஏத்தினேன். சதக். பக்கத்து ஊட்டுக்காரரு பேப்பரை எறக்கிட்டு, பழம் கெட்டுப் போச்சான்னு கேட்டாரு. பெட்டியில என்ற மொத பயணம் என்னன்னு பாருங்க: ரண்டு அடி தூரம், புறப்பட்டவுடனே சடன் பிரேக். மதிப்பெண் மோசம். அன்னிக்கு நாம மூணு பேரும் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சோம். அந்தச் சிரிப்பைப் பொய்யுன்னு சொல்லமாட்டேன். அது நெசந்தான். அதனாலதான் வயிறு எரியுது. ஒத்திகை அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழையிலை எடுக்க பர்மிங்காம் போகோணும், என்ற டாக்சில போட்டா இலைத் தண்ணி சொட்டும், கஸ்டமர் ஏர்ற வண்டி கண்ணு, உன்ற சாவியக் கொடுன்னீங்க. நான் கேட்டேனா இல்லையா? கத்திரிக்கா அரிஞ்சுட்டு இருந்தவ, கத்திய வெச்சுட்டுக் கேட்டேன்: "ஏனுங்ணா, இன்சூரன்ஸ் என்ற பேர்லதானே இருக்குது, நீங்க ஓட்டலாமுங்களா?" நாப்பது பேரு இருந்த ஹாலு. நீங்க என்ன சொன்னீங்க? இங்கயே பதினாலு வருசமா ஸ்டியரிங் புடிக்கறேன், எல்லாம் கவர் ஆகும் கண்ணு, வண்டிக்குத்தானே இன்சூரன்ஸ், ஆளுக்கா? நம்பினேன். ஏன் நம்பினேன்? ஊர்ல அப்படித்தான். ஊர்ல இன்சூரன்ஸ் வண்டிக்கு ஒட்டிக்கிட்டது. லைசன்ஸ் இருக்கறவன் எவன் ஏறி உக்காந்தாலும் செல்லும். எங்க ஆம்னிய எங்க தெருவே ஓட்டுச்சு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, பிரசவத்துக்கு. சாவிய ஆணியில மாட்டி வெச்சிருப்போம், கேக்காமயே எடுத்துட்டுப் போவாங்க, வர்றப்ப பெட்ரோல் போட்டா நல்லவன். இங்க அப்படி இல்ல. இங்க இன்சூரன்ஸ் வண்டி மேல இல்ல, ஆளு மேல ஒட்டியிருக்குது. பேரு போட்ட ஆளு எறங்கினா அதுவும் கூடவே எறங்கிருது. எனக்குத் தெரியாது, சரி, நான் இங்க படிக்க வந்து ரண்டு வருசம். டாக்சி ஓட்டறவருக்குத் தெரியாதா? உங்க டாக்சிய உங்க மச்சான் ஒருநா கேட்டப்ப, இன்சூரன்ஸ் என்ற பேர்ல இருக்குது மாப்ளன்னு நீங்க சொன்னது எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? பிரேமாக்கா. அக்கா எல்லாத்தையும் சொல்லிருவாங்க, அழுதா போதும்.

ஐயோ, எக்ஸிட்டு. போர்டு வந்துருச்சா? அதுதானே? அது ஸ்டேஷனுக்குப் போறது. அடுத்ததா? நீலக் கலரு காரு ஒருத்தன் என்ற வாலுலயே ஒட்டிட்டு வர்றான். நாப்பது மைலுதான் லிமிட்டு, நான் முப்பத்தெட்டுல போறேன், பெட்டி பாத்துட்டு இருக்குது, ரசம் பாத்துட்டு இருக்குது, உனக்கென்னடா அவசரம். அன்னிக்கு ரவுண்டானால என்ன வேகம்னு பெட்டிக்குத் தெரியும். எங்க பிரேக் புடிச்சாங்க, அதுக்கு முன்னாடி புடிக்கவே இல்லைங்கறது தெரியும். ஓரங்கட்டறேன்னு எவ்வளவு தூரம் போனீங்கன்னு தெரியும். எல்லாம் தெரியும், கை யாருதுன்னு மட்டும் தெரியாது. அதுக்குக் கை தெரியாது. அந்த ஒரு ஓட்டை போதும் ஒரு ஆளை உள்ள தள்ளறதுக்கு. போச்சு, இதுவும் போச்சு. ரண்டாவது தடவையும் விட்டுட்டேன். சுத்துடி, செக்குமாடு மாதிரி சுத்து. முடியாதுன்னு சொன்னவ ஏன் இப்படிச் சுத்தறேன்? ஏன்னா எங்க ஊட்டுக்கும் ஒருத்தரு வந்தாரு. நான் மூணாவது படிச்சுட்டு இருந்தேன். எங்கப்பா ரங்கசாமி, நாமக்கல்ல லாரி டிரைவரு, வடக்க பஞ்சாபு, கிழக்க அஸ்ஸாமு வரைக்கும் போவாரு, ஒரு கேசு இல்ல. லாரி ஓனரு பையன் காலேஜ் படிக்கற பையன், காரை எடுத்துட்டுப் போயி பரமத்தி ரோட்டு வளைவுல டிவிஎஸ் பிப்டில வந்த ஒருத்தரை அடிச்சுட்டான். அவரு அங்கேயே போயிட்டாரு. ஓனரு எங்க ஊட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்தாரு. அதுவரைக்கும் அவரு எங்க வாசல் மிதிச்சதில்ல. நாற்காலி இல்லாம கட்டில்ல உக்காந்தாரு. "சும்மா பேருக்குத்தான் ரங்கா. ஸ்டேசன்ல போயி நின்னாப் போதும், மிச்சத்தை வக்கீலு பாத்துக்குவாரு. பையனோட படிப்பு. உன்ற புள்ள மாதிரி." நான் ஆப்பிளத் தின்னுட்டு இருந்தேன். எங்கூர்ல இது ஒண்ணும் அதிசயமில்ல, தெரியுமுங்களே உங்களுக்கு, திருச்செங்கோட்டுக்காரரு நீங்க, வண்டித் தொழில்ல பொறந்தவரு. ஆளை மாத்திக் கொடுக்கறது. ஓட்டினவன் ஒருத்தன், நிக்கறவன் ஒருத்தன். அந்தப் பழக்கத்தைக் கப்பலேத்திக் கொண்டாந்து இங்க எறக்கியிருக்கீங்க, வாழையிலை மாதிரியே. பேருக்குன்னு போனவரு வாய்தா வாய்தான்னு அலைஞ்சாரு. லைசன்ஸ புடுங்கிட்டாங்க. கடைசில டயர் ரீட்ரேடிங் கடைல ரப்பர் தேய்க்கற வேலை. ஓனரு பையன் படிச்சு முடிச்சுட்டான். செத்தவரு சம்சாரத்தை ஒருநா மாரியம்மன் பண்டிகைல பாத்தோம். அந்தம்மா எங்கப்பாவப் பாத்துட்டு கையில இருந்த புள்ளய இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான் பண்ணினாங்க. எங்கப்பா அதோட பண்டிகைக்குப் போறதில்ல.

அதுகூடப் பரவால்ல. பொறவு நடந்ததுதான். எட்டாவது படிக்கறப்ப ஒருநா சாப்பிட்டுட்டு இருக்கோம், எதுக்கோ பேச்சு வந்து எங்கப்பா சொல்றாரு, "நான் அந்த வளைவுல திருப்பினப்ப வெளிச்சம் கண்ணுல அடிச்சுது." நான் அம்மாவைப் பாத்தேன். அம்மா தட்டைப் பாத்துட்டு இருந்தாங்க. அவரு சோத்தைப் பெசஞ்சுட்டே இருந்தாரு. இன்னிக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு, வெடியால ரசத்துக்குப் புளி கரைச்சுட்டே ஊருக்குப் போன் போட்டேன். எதுவும் சொல்லல நானு. வண்டி எப்படி இருக்குதுன்னு கேட்டாரு, நல்லா இருக்குதுங்கப்பான்னேன். எலும்பு ஒடஞ்சு ஒருத்தி கெடக்கறா, வண்டி நல்லா இருக்குதுங்கப்பா. அப்பறம் என்ன நெனைச்சேனோ, "ஏங்கப்பா, அன்னிக்கு அந்த டிவிஎஸ்காரரு எந்தப் பக்கத்துல இருந்து வந்தாரு?"ன்னேன். யோசிக்கவே இல்ல மனுசன். "எடதுபக்கம் கண்ணு. தலைல துண்டு கட்டியிருந்தாரு." பின்னாடி எங்கயோ கோழி கத்துது. அப்பறம், "வாணி, நான் அதைப் பாக்கல இல்ல?"ன்னாரு. என்கிட்டக் கேக்கறாரு. தான் பாத்தமா இல்லையான்னு என்கிட்டக் கேக்கறாரு. "இல்லீங்கப்பா, நீங்க அன்னிக்கு ஊட்டுல இருந்தீங்க. எனக்குக் காச்சலு, நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க"ன்னேன். "ஆமாமா"ன்னாரு. "காச்சலு. ஆமா." நம்பினாரான்னு தெரியல. இதைத்தான்ணா நீங்க பேருக்குங்கறீங்க. பேரோட நிக்காதுங்ணா அது. உள்ள போயி உக்காந்துக்கும். எனக்கு ஏற்கெனவே ஆரம்பிச்சுருச்சு. கத்திரிக்கா அரிஞ்சுட்டு இருந்தவ நானு, நகத்துக்கடியில கறை போக மூணு நாளாச்சு, எனக்குத் தெரியும் நான் அங்க இல்லன்னு. ஆனா மூணு வாரமா நீங்களும் அக்காளும் மாத்தி மாத்தி வந்து, நீ ரவுண்டானாவுக்குள்ள நொழையறப்ப, நீ எடதுபக்கம் பாத்துட்டுத்தான், வெய்யில் கண்ணுல அடிச்சுதுன்னு சொல்லிருன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கு அந்த வெய்யில் தெரியுது. மஞ்சளா. பானெட்டு மேல. சைக்கிள் பின்சக்கரத்துல சிவப்பு ரிப்ளெக்டர். அது இருந்துதா? யாரும் எனக்குச் சொல்லல. நானாப் போட்டுக்கிட்டேன். பாத்திரம் கழுவறப்ப தட்டுன்னு ஒரு சத்தம் கேட்டா வலது கால் தானா அமுக்குது. இல்லாத பிரேக்கை அமுக்குது. போர்டு. மூணாவது தடவ அதே போர்டு. இப்ப லாரி இல்ல, நீலக் காரு இல்ல, எடதுபக்கம் காலி, போலாம், இண்டிகேட்டர் போடு... போடல. நானேதான் போடல. கை போகல. பாத்துட்டே தாண்டறேன். சொல்லுடி, இப்ப யாரு தடுத்தா? யாரும் தடுக்கல. பயமா இருக்குது. நெசத்தைச் சொன்னாலும் நான் தப்பிக்க முடியாது, அதையும் படிச்சுட்டேன். இன்சூரன்ஸ் இல்லாத ஆளுக்கு சாவிய கொடுத்தது குத்தம். டெஸ்ட்டு பாஸாகி ரண்டு வருசம் ஆகல, லைசன்ஸே போயிரும்னு போட்டிருக்குது. போனா பஸ்சு இல்லாத வெடியால வேலையும் போச்சு. நெசத்துக்கும் அடி, பொய்க்கும் அடி. ஒரு வித்தியாசம்தான், பொய்யச் சொன்னா அந்த வெய்யிலும் என்னுதாயிரும். உங்க லைசன்ஸ்ல ஒம்பது குத்தப் பாயின்ட்டு இருக்கறது எனக்குத் தெரியாம இல்ல. ஸ்பீடு கேமராவுல மாட்டி மாட்டி ஏற்கெனவே நெறஞ்சு போயிருக்குது, இன்னும் ஒரு கேசு வந்தா டாக்சி போயிரும். "ரண்டு பசங்க படிக்குதுங்க வாணி"ன்னு அக்கா முறுக்கு டப்பாவோட வந்து என்ற ரூம்ல தரைல உக்காந்தாங்க. நாற்காலி இருந்துது, தரைல உக்காந்தாங்க. அந்த டப்பா இதோ பின்சீட்டுல கெடக்குது, தொறக்கல. தொறந்தா ஒண்ணாவது தின்னுருவேன். ஆப்பிளத் தின்னவளாச்சே. உங்க பசங்க மேல எனக்கென்ன கோவம்? சின்னவன் என்ற வண்டிக்கு "சில்வர் அக்கா"ன்னு பேரு வெச்சவன். அதுக்குன்னு நான் போயி நிக்கோணுமா? நானும் படிக்கறவதான். எனக்கும் ஒரு அப்பா இருக்காரு. இந்தத் தடவ வருது, இந்தத் தடவ போறேன். கண்ணாடி. தோளு. இண்டிகேட்டர். டக் டக் டக் டக். போயிட்டேன். எறங்கிட்டேன். அவ்வளவுதானா? இவ்வளவுதான்.

இதுதான் அந்த ரவுண்டானா. நடுவுல டாபோடில் பூ மஞ்சளா வாடி நிக்குது, ஒரு பாத்திக்கு ரண்டு பூ. ரோட்டுல ஒண்ணும் இல்ல. கண்ணாடித் துண்டுகூட இல்ல. எங்க உக்காந்திருப்பாங்க அக்கா? அந்த டிரெயினேஜ் மூடிகிட்டயா? முன்னாடி ஒரு சைக்கிள். ஐயோ, சைக்கிள். பொண்ணு, பள்ளிக்கூடப் புள்ள, மஞ்சக் கோட்டு, எடதுபக்கம் ஒதுங்கி, அதே மாதிரி, அதே எடத்துல. வெய்யில் இல்ல. இன்னிக்கு மேகம் மூடி மோடம். பாருங்ணா, மோடமா இருக்கறப்பவும் எனக்குக் கண்ணு கூசுது. மெதுவா. காலை எடு. வர்றவன் வரட்டும், அடிச்சா பின்னாடி அடிக்கட்டும், நான் இவளத் தாண்டமாட்டேன், இவ போற வரைக்கும் இவ பின்னாடியே வர்றேன். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டான்! ஹாரன் அடிக்காத நாட்டுல எனக்கு அடிச்சுட்டான்! அடிடா. ரசம் களக்குன்னுது, ஒரு சொட்டு மூடிக்கு வெளிய வந்து துப்பட்டாவுல பரவுது, பரவட்டும். புள்ள கைய நீட்டி சிக்னல் காட்டறா, எவ்வளவு அழகா நீட்டறா, திரும்பறா, போயிட்டா. போயிட்டா சாமி. பெட்டி, எழுதிக்கிட்டியா? இதை எழுதிக்கோ. இது என்ற கை.

ஹாலு. நிறுத்தியாச்சு. உங்க டாக்சி வாசல்லயே நிக்குது, பளபளன்னு, இலைத் தண்ணி ஒரு சொட்டு படாம. உள்ள மைக்கு டெஸ்டிங், ஹலோ ஹலோ. உங்க கொரலுதான். ரண்டு பேரு ஓடி வர்றாங்க, "வாணி வந்தாச்சு, ரசம் வந்தாச்சு, ஏம்புள்ள இவ்வளவு நேரம்?" ரோட்டுல சுத்திட்டு இருந்தேனுங்க. "பாத்து, பாத்து, சூடு." அண்டாவ அவங்களே தூக்கிட்டுப் போறாங்க, எனக்குக் கையில ஒண்ணும் இல்ல, முறுக்கு டப்பா மட்டும். அன்னிக்குக் கத்திரிக்கா அரிஞ்ச அதே மேசை. அதே ஆளுங்க. கூட நின்னு வெங்காயம் உரிச்சவங்க, நான் கத்திய வெச்சுட்டுக் கேட்டதைக் கேட்டவங்க. என்னைப் பாத்துட்டு டக்குன்னு தட்டு அடுக்கறாங்க. எல்லாருக்கும் தெரியும். நாப்பது பேருக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாதது இந்த நாப்பது பேருக்குத் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. பிரேமாக்கா திரைக்குப் பக்கத்துல, மூக்குத்தி மினுங்குது, என்ற கையில டப்பாவப் பாத்ததும் மொகம் மாறுது. இந்தாங்கக்கா. ஒண்ணுகூட எடுக்கல. பசங்களுக்குக் கொடுங்க. அக்கா ஏதோ சொல்ல வர்றாங்க, "வாணி, இன்னிக்கு வேண்டாம் சாமி, நல்ல நாளு." நல்ல நாளுதானுங்க. எனக்கும் வருசம் பொறக்கோணுமில்ல. நாலு படி. மேடை. ஏறிட்டேன். நீங்க மைக்குல இருந்து திரும்பறீங்க, சிரிக்கறீங்க, வாம்மா கண்ணுன்னு கைய நீட்டறீங்க, எல்லாருக்கும் காட்டறதுக்கு. கொடுங்க அந்த மைக்க. வாழ்த்துச் சொல்லத்தான், கொடுங்க. எல்லாருக்கும் வணக்கம். நான் கோகிலவாணி, ரசம் என்னுது. என்ற வண்டிச் சாவிய இன்னொருத்தருகிட்டக் கொடுத்தது நானு. நாளைக்கு போன் வர்றப்ப அதை நானே சொல்லிருவேன், அதுக்கு என்ன வருதோ வரட்டும், அது என்னுது. ஆனா மிச்சம் என்னுதில்ல. லோகு அண்ணா, பின்னாடி போகாதீங்க. இவங்க எல்லாருக்கும் என்ற மூஞ்சி வேற, அக்கா மூஞ்சி வேற, உங்க மூஞ்சி வேற, நல்லாத் தெரியும். இந்தாங்க மைக்கு. புடிங்க. இந்த ரவுண்டானால ஷீலாம்மாளை இடிச்சப்ப என்ற வண்டி ஸ்டியரிங்ல இருந்தது யாரு கை? எனக்குச் சொல்ல வேண்டாம். அவங்களுக்குச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.